இரண்டு குப்பிகளும் என் தம்பியும்

என் இடது சிறுநீரகம் தம்பியின் உடம்புக்குள் போன பிறகு வந்த மூன்றாவது மழைக்காலத்தில், அவன் என்னிடம் சில கட்டுரைகள் கேட்டான். நான் இந்த நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளியே சுலபமாகக் கிடைக்காத மருத்துவ இதழ்கள் எங்களிடம் வரும். அது அவனுக்குத் தெரியும்.

அப்போது அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தான். நிமோனியா வந்து ஒருவழியாகத் தணிந்திருந்தது. கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போய் இருந்தது. அவன் மகள் அந்த ஜூனில்தான் எல்.கே.ஜி. சேர்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அவள் கொண்டுவரும் ஜலதோஷம் அவளுக்கு இரண்டு நாள் மூக்கொழுகல். அவனுக்கு அது காய்ச்சல், இருமல், அப்புறம் ஆஸ்பத்திரி.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் சிறுநீரகத்தை அவன் உடம்பு அந்நியப் பொருள் என்று கண்டுகொண்டால் அதைத் தாக்கி அழித்துவிடும். அப்படி நடக்காமலிருக்க அவன் காலையும் மாலையும் மாத்திரை விழுங்குகிறான். அது எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிறது. அடங்கிய காவல்காரனுக்குச் சொந்தக்காரன், திருடன் என்ற பேதம் கிடையாது. கிருமி வந்தாலும் அவன் எழுந்திருக்க மாட்டான்.

"பெப்டைட்னு கேள்விப்பட்டிருக்கயா அக்கா?" என்றான் தம்பி.

"புரதத்தோட சின்னத் துண்டு. பள்ளிக்கூடத்துல படிச்சது."

"அதேதான். எதிர்ப்புச் சக்தியைத் தாங்கிப் பிடிக்கன்னு சிலது இருக்கு. எல்லாம் இன்னும் பரிசோதனைலதான் இருக்கு. நான் ரெண்டைப் பாத்து வெச்சிருக்கேன். எது தேவலைன்னு ஒப்பிட்டுப் பாக்கணும். நெட்ல வரதெல்லாம் விளம்பரமாக்கும். எனக்கு அசல் பேப்பர் வேணும்."

"டாக்டர்ட்ட கேட்டயா?"

"அவர் பாக்காமயே வேண்டாம்னுடுவார். மொதல்ல நாம பாப்போம்."

அவன் நகரத்தின் வடகோடியில், கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு கம்பெனியில் சோதனையாளன். வீடும் அங்கேதான். மற்றவர்கள் எழுதிய மென்பொருளை உடைத்துப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவன் பிழைப்பு. எதையும் லேசில் நம்ப மாட்டான். அதனால் அவன் கேட்டது எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. படித்துப் பார்த்தால் அவனே விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேட ஆரம்பித்தேன். கிடைத்ததை அவனுக்கு அனுப்பினேன். அனுப்புமுன் நானும் படித்தேன். முதல் பெப்டைட் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் உண்டாவது. வெள்ளை அணுக்களுக்கு எது தன்னுடையது, எது பிறனுடையது என்று கற்றுக்கொடுக்கிற இடம் அது. அந்தத் துண்டைச் செயற்கையாகச் செய்து ஊசியில் ஏற்றுகிறார்கள். இரண்டாவது, நம் தோலும் நுரையீரலும் தாங்களே சுரப்பது. கிருமியின் உறையில் ஓட்டை போட்டு அதைக் கொல்லும்.

தம்பிக்கு முதலில் இரண்டாவதுதான் பிடித்தது. வீட்டுக்கு வந்த பிறகு தினமும் சாயங்காலம் போனில் கூப்பிடுவான். தனி அறையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு படுத்திருப்பான். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை உட்கார்ந்து எதையாவது பாடிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கும்.

"ரெண்டாவது பெப்டைட் நேரா கிருமியைத்தான் குத்தறது அக்கா. பட்டாளத்தை எழுப்பறதில்லை. அப்போ உன்னோட கிட்னிக்கு ஒண்ணும் வராது."

என்னுடையது என்று அவன் இயல்பாகச் சொல்வான். நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து நான் வேறொரு கட்டுரையைக் கண்டுபிடித்தேன். அந்தப் பெப்டைட் கிருமியைக் குத்துவதோடு நிற்பதில்லை. காயம்பட்ட இடத்துக்கு மற்ற அணுக்களையும் கூப்பிட்டுச் சேர்க்கிறது என்று அதில் இருந்தது. அனுப்பினேன். அன்று அவன் கூப்பிடவில்லை. மறுநாள் கூப்பிட்டபோது முதலாவதுக்குத் தாவியிருந்தான்.

"இது எதிர்ப்பைக் கூட்டறதில்லையாம். சமன்படுத்தறதாம். கூடினா குறைக்கும், குறைஞ்சா கூட்டும். அப்படி எழுதியிருக்கா, கேட்டயா."

"யாருக்கு? எந்த மாதிரி ஆட்களுக்குக் குடுத்துப் பாத்திருக்கா?"

"பல மாதிரி."

"உன்னை மாதிரி?"

நான் படித்தவற்றில் பாதி எலிகளிலும் கண்ணாடித் தட்டுகளிலும் நடந்தவை. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று சொல்லும் ஒரு பத்தி வரும். நான் பார்த்தவரை அந்தப் பத்தியில் பெரும்பாலும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் இருந்தார்கள். இன்னொன்றும் என்னை உறுத்தியது. ஒன்று ஒருவகை நோயாளிகளிடம், ஒரு விதமாகச் சோதிக்கப்பட்டது. மற்றது வேறு இடத்தில், வேறு காரணத்துக்காக. இரண்டையும் ஒரே தராசில் வைத்து யாரும் நிறுத்துப் பார்த்ததாக எனக்குக் கிடைக்கவில்லை. தம்பி செய்துகொண்டிருந்த ஒப்பீட்டுக்கு அடியில் தரையே இல்லை.

அதை அவனிடம் சொன்னேன். "உன் ஆபீஸ்ல இந்த மாதிரி டெஸ்ட் பண்ணிக் குடுத்தா நீ ஒத்துப்பயா?"

"ஆபீஸ்ல எனக்கு நாள் இருக்கு. இங்கே இல்லை." கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னான். "குழந்தை இன்னிக்கு என் செருப்பைப் போட்டுண்டு வாசல்ல நின்னுண்டு இருந்தா. அப்பா வெளில வரட்டும்னு. எத்தனை நாள் கதவைச் சாத்திண்டு இருக்கறது?"

டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம் என்றேன். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்கிறேன், அதுவரை ஒன்றும் செய்ய மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தான். நான் அதோடு விட்டேன்.

ஒரு வாரத்துக்குள் கரமனையில் என் வீட்டு வாசலில் கூரியர் பையன் நின்றான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். எனக்கு எதுவும் கூரியரில் வருவதில்லை.

"சேச்சி, ஒரு ஒப்பு வேணம்" என்று மலையாளத்தில் சொல்லிக் கையெழுத்துக்குப் போனை நீட்டினான்.

பெட்டியின் மேல் தம்பியின் பெயர், என் விலாசம். வெயிலில் கிடந்து வந்ததால் பெட்டி சூடாக இருந்தது. உள்ளே குளிர்ச்சிக்காக வைத்திருந்த ஜெல் பை உருகி வெந்நீர்ப் பை மாதிரி தொளதொளவென்று இருந்தது. அதற்குக் கீழே பஞ்சில் பொதிந்து சின்னக் கண்ணாடிக் குப்பிகள். அடியில் ஒட்டினாற்போல் கொஞ்சம் வெள்ளைப் பொடி. இரண்டு விதமான மூடி, இரண்டு விதமான லேபிள். அவன் எதையும் முடிவு செய்யவில்லை, இரண்டையும் வாங்கியிருந்தான். இரண்டு லேபிளிலும் கீழே சின்ன எழுத்தில் ஒரே வரி: ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உபயோகத்துக்கு அல்ல.

குப்பிகளைப் பஞ்சிலேயே திரும்ப வைத்தேன். போன் அடித்தது. அவன்தான். பெட்டி வந்து சேர்ந்த செய்தி அவனுக்குப் போயிருக்க வேண்டும்.

"அக்கா, ஃப்ரிட்ஜ்ல வெச்சுடு. நான் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

"எதுக்கு என் விலாசம்?"

"என் வீட்டுல அவ பாத்தா பயப்படுவா." மனைவியைச் சொன்னான்.

"எனக்குப் பயம் கிடையாதா?"

"நீ படிச்சிருக்காய் அக்கா. உனக்குத் தெரியும்."

ஃப்ரிட்ஜில் வைத்தேன். கெட்டுப்போகட்டும் என்று வெளியே விட்டிருக்கலாம். ஆனால் கெட்டுப்போனதை அவன் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

ஞாயிறு காலை வந்தான். மெலிந்திருந்தான். காப்பி வேண்டாம் என்றான். நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். நான் குறுக்கே போய்க் கதவை மூடினேன்.

"டாக்டரைப் பாத்துட்டு வந்து எடுத்துண்டு போ."

"நான் போட்டுக்கறேன்னு சொன்னேனா? கையில இருக்கட்டும்னுதான்."

"கையில இருந்தா போட்டுப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை."

"அக்கா, விடு."

"இது என்னன்னு உனக்கே தெரியாது. லேபிள்ல எழுதினது உள்ளே இருக்கான்னு யார் பாத்தா? வேகாத வெயில்ல கிடந்து வந்திருக்கு."

"எல்லாம் யோசிச்சாச்சு. கொஞ்சமா ஆரம்பிப்பேன். மொதல்ல ஒண்ணு, அப்புறம் மத்தது. எது ஒத்துக்கறதுன்னு பாப்பேன்."

"எலி மாதிரியா?"

"ஆமாம். எலி மாதிரிதான். எலியையாவது யாராவது பாத்துப்பா." அவன் குரல் உயரவில்லை. "மாசத்துக்கு ஒரு தடவை படுத்துக்கறேன். ஆபீஸ்ல என் வேலையை இன்னொருத்தன் பண்றான். குழந்தை என்னைத் தொடறதுக்கு முன்னால கையைக் கழுவறா, யாரும் சொல்லாமயே. எனக்கு இது வேண்டாம். என் உடம்பு அக்கா. நான் பாத்துக்கறேன்."

அப்போது நான் சொன்னேன். "உள்ளே இருக்கறது என்னோடது."

தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். நான் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் கொடுத்தபோது யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் மனைவிக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. எனக்குக் கணவனோ குழந்தையோ இல்லாததால் நான் கொடுப்பது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது; எனக்கும்தான். அதைப் பற்றிப் பிறகு நானோ அவனோ பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. வருஷா வருஷம் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சரியாக இருக்கிறது என்று அவனுக்கு ஒரு செய்தி அனுப்புவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

"இதைச் சொல்றதுக்குத்தான் இத்தனை நாள் காத்துண்டு இருந்தயா?" என்றான் தம்பி.

என் கை கதவிலிருந்து தானாக விலகியது. அவன் குப்பிகளை எடுத்து ஒரு டிபன் டப்பாவில் வைத்துப் பைக்குள் போட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு போனை எடுக்கவில்லை. திங்கள், செவ்வாய் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். செய்தி அனுப்பினேன், படித்ததாகக் காட்டியது, பதில் இல்லை. அவன் மனைவியைக் கூப்பிட நினைத்து எண்ணை எடுப்பேன், வைத்துவிடுவேன். பாலக்காட்டுப் பெண் அவள். என்னிடம் பிரியமாக இருப்பாள். ஆனால் அவள் புருஷன் அவளிடமிருந்து மறைத்ததை நான் போனில் எப்படிச் சொல்வது? நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தப்பான அலமாரியில் வைத்துவிட்டு அரைமணி நேரம் தேடினேன். யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். இரண்டு முறை கேட்டபிறகுதான் காதில் விழுந்தது.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். கிழக்கேகோட்டையில் மாறி, கழக்கூட்டம் போகும் வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. நெடுஞ்சாலையில் வண்டி நகரவே இல்லை. மழை பிடித்துக்கொண்டது, கண்டக்டர் ஷட்டர்களை இறக்கச் சொன்னார். இருட்டில் உட்கார்ந்துகொண்டு, போய் என்ன பேசுவது என்று யோசித்தேன். மன்னிப்புக் கேட்கலாமா? கேட்டால் அவன் ஊசியை விடுவானா? எனக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியவில்லை.

தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் அக்கா. மூணு நாளா காய்ச்சல். வழக்கம்போல வைரல்தான்னு சொல்றார். பாரசிட்டமால் போட்டுண்டு படுத்துண்டு இருக்கார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறார்."

"தண்ணி குடிக்கறானா?"

"குடிச்சா வாந்தி வரது."

உள்ளே போனேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். உதடுகள் வெடித்திருந்தன. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

அவன் மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் போகச் சொல்லிவிட்டுக் கேட்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

"போட்டுண்டயா?" என்றேன்.

அவன் போர்வையை இன்னும் மேலே இழுத்தான்.

"சொல்லுடா. போட்டுண்டயா?"

தலையை மெல்ல அசைத்தான்.

"எதை?"

"மொதல்ல ஒண்ணு. ரெண்டு நாள் கழிச்சு மத்தது."

"என்னது போட்டுண்டார்?" என்றாள் அவன் மனைவி. என் பக்கம் திரும்பினாள். "அக்கா, என்னது போட்டுண்டார்?"

நான் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து டிபன் டப்பாவை எடுத்து வந்தேன். மேல்தட்டில், குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தான். இரண்டு விதத்திலும் ஒவ்வொரு குப்பியில் பொடி கரைந்து தண்ணீராகியிருந்தது. அவள் பார்த்தாள். அதுவரை அது ஏதோ ஹோமியோ மருந்து என்று நினைத்திருந்தாளாம். கேட்டதற்கு அவன் அப்படித்தான் சொன்னானாம். அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. போனை எடுத்து வண்டிக்குச் சொன்னாள். பக்கத்து ஃபிளாட்டில் குழந்தையை விட்டுவிட்டு வந்தாள். அவன் சட்டையைப் போட்டுவிடும்போது மட்டும் பொத்தான் துளையில் சேரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கும் டாக்டர் அன்று இருந்தார். எங்கள் அறுவைக்கு முன்னாலிருந்தே எங்களைத் தெரிந்தவர், அதிகம் பேசாதவர். நான் டப்பாவை மேஜைமேல் வைத்துத் திறந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதெவிடுந்நு கிட்டி?" எங்கிருந்து கிடைத்தது என்றார்.

தம்பி சொன்னான். எதற்காக, எப்படித் தேர்ந்தெடுத்தான், எதை எப்போது போட்டுக்கொண்டான் என்பதையெல்லாம் படுத்தபடியே, சன்னமான குரலில், ஒன்றையும் விடாமல் சொன்னான். ஒவ்வொன்றும் போட்ட பிறகு எப்படி இருந்தது என்றுகூட. முதலாவதுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது குத்திய இடம் சிவந்து வீங்கியது. மறுநாள் குளிர் எடுத்தது.

டாக்டர் அவன் சட்டையை விலக்கி வயிற்றில் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். தம்பி பல்லைக் கடித்தான். அந்த இடத்துக்கு ஒரு சாண் கீழேதான் மாற்று அறுவைத் தழும்பு.

"பாக்கலாம்" என்றார் டாக்டர். "மொதல்ல ரத்தம்."

அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். கிரியாட்டினின் என்ற அந்த ஓர் எண்ணில்தான் எங்கள் வீட்டின் நிம்மதி இருந்தது. சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது ஏறும். முடிவு வருவதற்குள் தம்பி மனைவி வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒருமுறை என் முன்னால் நின்றாள்.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எங்கிட்டே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

வேறெதுவும் கேட்காமல் மறுபடி நடக்கப் போனாள்.

எண் ஏறியிருந்தது. டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். காய்ச்சலாலும் வாந்தியாலும் தண்ணீர் வற்றியதால் ஏறியிருக்கலாம், கிருமி ரத்தத்தில் கலந்திருந்தால் அதனால் இருக்கலாம், உடம்பு சிறுநீரகத்தைத் தள்ள ஆரம்பித்திருந்தாலும் இருக்கலாம் என்றார். தள்ள ஆரம்பித்திருந்தால் எதிர்ப்பை இன்னும் அடக்க வேண்டும். கிருமியாக இருந்தால் அடக்கக் கூடாது. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு விஷம். அதனால் கிருமிக்கு மருந்து தொடங்கிவிட்டு, ஊசியால் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்.

"அந்த மருந்துனால ஆச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் குப்பியைக் கையில் உருட்டினார். இதற்குள் என்ன இருக்கிறது என்று தனக்கே தெரியாது என்றார். "இதினகத்து எந்தாணெந்நு எனிக்கறியில்லா. உங்களுக்கும் தெரியாது. உள்ளே இருக்கறது தெரிஞ்சாத்தான் அது என்ன பண்ணும்னு சொல்ல முடியும்."

பயாப்ஸி மறுநாளுக்கு வைத்தார்கள். எடுக்கப் போகுமுன் கொஞ்ச நேரம் நானும் அவனும் மட்டும் இருந்தோம். காய்ச்சல் சற்று இறங்கியிருந்தது. சலைன் போகிற கையை மார்பில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போயிடுத்துன்னா என்ன பண்றது அக்கா?"

"பாப்போம்."

"உனக்கு இன்னொண்ணு இல்லை குடுக்கறதுக்கு."

அவன் விளையாட்டாகச் சொல்ல முயன்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவனுக்கும் வரவில்லை.

"அன்னிக்கு நீ சொன்னது," என்று ஆரம்பித்தான். "பஸ்ல போறப்போ எல்லாம் அதுதான் காதுல. நான் ஒரு வாடகை வீட்டுல இருக்கற மாதிரி. ஆணி அடிக்கக்கூட உன்னைக் கேக்கணுமோன்னு. அந்தக் கோபத்துலதான் மொதல் ஊசி போட்டுண்டேன். அன்னிக்கு ராத்திரியே."

அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். எடுத்துக்கொண்டால் அது பொய்யாக இருக்கும் என்று பட்டது.

"நான் சொன்னதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன்டா," என்றேன். "அது உனக்குள்ளே இருக்குன்னு நினைக்காத நாள் எனக்குக் கிடையாது. நீ தும்மினா எனக்குப் பயம். இத்தனை நாள் அதைச் சொல்லாம இருந்தேன், நீ சுமையா நினைப்பாய்னு. சொன்ன நேரம்தான் சரியில்லை."

அவன் முகத்தை என் பக்கம் திருப்பினான். பிறகு, "நானும் சொல்லலை," என்றான். "எத்தனையோ தடவை ஜலதோஷம் வந்தது. டாக்டர்ட்ட பாதிகூடச் சொல்லலை. சொன்னா அட்மிட் பண்ணிடுவா. உனக்கும் தெரிஞ்சுடும்."

அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியில் அவன் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது. பிடித்துக்கொள்ள அங்கே வேறு கை இல்லை.

முடிவு வந்த அன்று டாக்டர் தானே வார்டுக்கு வந்தார். வாசலிலேயே "பேடிக்கண்டா" என்றார், பயப்பட வேண்டாம் என்று. உடம்பு சிறுநீரகத்தைத் தள்ள ஆரம்பித்ததற்கான அடையாளம் துணுக்கில் இல்லை. ரத்தத்தில் ஒரு கிருமி வளர்ந்திருந்தது. அதற்கு மருந்து வேலை செய்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏற ஏற எண்ணும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கிருமி குப்பியிலிருந்து வந்ததா, ஊசி குத்திய தோலிலிருந்தா, வேறெங்கிருந்தாவதா என்று கேட்டோம். சொல்ல முடியாது என்றார். குப்பிகளைச் சோதிக்கும் வசதி அங்கே இல்லை. மிச்சமிருந்ததைத் தம்பி மனைவி நர்ஸிடம் கொடுத்து, மருத்துவக் கழிவுக்கான சிவப்பு டப்பாவில் போடச் சொன்னாள். போடும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

தம்பிக்கு அப்போதும் ஒரு கேள்வி இருந்தது. "அந்தப் பெப்டைட் ரெண்டும் உள்ளபடியே பிரயோஜனம் இல்லையா டாக்டர்?"

டாக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சில நோய்களுக்கு ஒருநாள் பிரயோஜனப்படலாம் என்றார். ஒருவேளை இவனைப் போன்றவர்களுக்கும் யாராவது சோதித்துச் சொல்லலாம். அன்று அவரே எழுதித் தருவார். பிறகு, இந்த ஜூனிலிருந்து எத்தனை முறை காய்ச்சல் வந்தது என்று கேட்டார். தம்பி இந்த முறை எல்லாவற்றையும் சொன்னான். அவர் முகம் மாறியது. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களின் அளவைப் பார்க்கச் சொன்னார், விட்டுப்போன தடுப்பூசிகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். இத்தனை முறை படுக்கிறான் என்றால் ஒரு மாத்திரையின் அளவு அவனுக்குக் கூடுதலாக இருக்கலாம் என்றார்.

"இது முன்பே பறஞ்ஞிருந்நெங்கில்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. முன்பே சொல்லியிருந்தால் என்பதைத் தம்பியே மனதுக்குள் முடித்துக்கொண்டிருப்பான்.

உடம்பு தேறியபின் அந்த மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார். அது நல்ல செய்திதான். ஆனால் எங்களுக்கு அடுத்த பயம் அதிலிருந்துதான் தொடங்கியது. கூடுதலாக அடக்கினால் கிருமி. குறைவாக அடக்கினால் உடம்பே எதிரி. குறைத்த பிறகு முதல் ரத்தப் பரிசோதனைக்கு நானும் போனேன். ஆய்வகத்து வரிசையில் அவன் என் தோளில் சாய்ந்து தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. எண் ஏறவில்லை. அடுத்த முறையும் ஏறவில்லை. பழைய இடத்துக்கு முழுக்க இறங்கவும் இல்லை; ஒரு பொட்டு மேலே நின்றுவிட்டது. அதுதான் இனி அவனுடைய எண் என்றார் டாக்டர்.

அவன் மனைவி என்னோடு பழையபடி பேசச் சில மாதங்கள் ஆயின. நவராத்திரிக்குச் சுண்டல் கொண்டுவந்தாள். பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்கும்போது, "இனிமே எதுவானாலும் மொதல்ல எனக்குச் சொல்லணும் அக்கா," என்றாள். சரி என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் குழந்தை மறுபடியும் ஜலதோஷம் கொண்டுவந்தாள். இரண்டாம் நாள் அவனுக்குத் தொண்டை கட்டியது. நான் வேலையில் இருந்தபோது கூப்பிட்டான். கிளினிக்குக்குத் தானே போன் செய்து சொல்லியாயிற்று, வரச் சொல்லிவிட்டார்கள், ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறேன் என்றான். பின்னால் நெடுஞ்சாலை இரைச்சல்.

"அவளும் கூட வராளா?"

"பக்கத்துல இருக்கா."

"எப்படி இருக்கு?"

"பயமா இருக்கு அக்கா," என்றான். அவன் அதை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தான். போய்ப் பாத்துட்டுக் கூப்பிடு."

மத்தியானம் கூப்பிட்டான். மருந்து எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குரல் கம்மியிருந்தது. வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கப் போவதாகச் சொன்னான். நான் போனை வைத்துவிட்டு, ஆறிப்போன என் சாப்பாட்டைத் திறந்தேன்.